பூட்டனாரின் பெட்டியில் இருந்த ஒரு சொல்

மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். உயர்தர வகுப்பிற் படிப்பவர். வீட்டைத் திருத்தும் வேலை நடந்தபொழுது, பல ஆண்டுகளாக எவரும் திறவாத தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தாராம். அதற்குள்ளே அவருடைய பூட்டனாரின் பொருள்கள் இருந்தன. பழைய பற்றுச்சீட்டு ஒன்று, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா விளம்பரம் ஒன்று, மூக்குக் கண்ணாடியின் உறை, இவற்றின் அடியில் நான்காக மடித்த ஓர் ஆங்கிலக் காகிதம். அது 1949ஆம் ஆண்டின் நீதிமன்ற அழைப்பாணை.

காகிதத்திற் பாதி எழுத்துகள் மங்கிவிட்டன. ஆயினும் ஓர் இடம் தெளிவாக இருந்ததென்றும், தோட்டத்துரையை ‘அனோய்’ செய்யும் எண்ணத்தோடு லயத்துக் காம்பராவில் தங்கியிருந்தார் என்பதே அங்கே பூட்டனார்மீது எழுதப்பட்டிருந்த குற்றமென்றும் மாணவர் எழுதுகின்றார். அவர் கேட்கும் கேள்வியை அவருடைய சொற்களிலேயே தருவோம்.

“‘அனோய்’ என்றால் எரிச்சலூட்டுதல் என்று பள்ளியிற் படித்தோம். என் பேனாவைத் தங்கை எடுத்து ஒளித்து வைத்தால் அது ‘அனோய்’. எங்கள் பூட்டனார் பாம்புக்குக்கூட வழிவிட்டு ஒதுங்கி நிற்பார் என்று பாட்டி சொல்லுகிறார். அப்படிப்பட்டவர் துரைக்கு என்ன எரிச்சல் ஊட்டினார்? எரிச்சல் ஊட்டினால் கோர்ட்டுக்கும் கூப்பிடுவார்களா?”

இத்தோடு நில்லாமல் இன்னொரு வினாவையும் கடைசியிற் சேர்த்திருக்கின்றார். ‘ஸ்கேயர்’, ‘பிரைட்டன்’, ‘திரெட்டன்’, ‘இன்டிமிடேட்’ என்னும் நான்கிற்கும் தம் கையிலுள்ள அகராதி ‘பயமுறுத்து’ என்று ஒரே பொருளைச் சொல்லுகின்றதே, நான்கும் ஒன்றுதானா என்பது அது.

இரண்டாவது வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். முதல் வினாவுக்குப் போகும் பாதை அதனூடாகவே செல்லுகின்றது.

பிறரைத் தொல்லைப்படுத்தும் செயலுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் பல. அவற்றுள் மிகச் சிறியது ‘பொதர்’. விருந்துக்குச் சென்ற வீட்டில் தேநீர் போட எழுந்த அம்மையாரைப் பார்த்து ‘டோன்ட் பொதர்’ என்றால், சிரமப்பட வேண்டாம் என்று உபசாரமாகச் சொன்னதாகும். ‘டிஸ்டேர்ப்’ என்பது அமைதியைக் குலைப்பது. அதற்கு மனிதர்தாம் வேண்டும் என்பதில்லை. குளத்து நீரையும் குலைக்கலாம், மேசைமேல் அடுக்கிய காகிதங்களையும் குலைக்கலாம். இச்சொல்லில் ஒரு பொறியும் உண்டு. ஒருவர் ‘டிஸ்டேர்ப்டாக’ இருக்கின்றார் என்றால் அவருடைய சித்தம் குழம்பியிருக்கின்றது என்று ஆங்கிலேயர் எண்ணிக்கொள்ளக்கூடும். ஆகவே தாயார் கவலையோடு இருக்கின்றார் என்று விடுமுறைக் கடிதம் எழுதும் மாணவர் அந்தச் சொல்லின் பக்கம் போகாதிருப்பது நல்லது. அங்கே பொருந்துவது ‘அப்செட்’. கவிழ்த்தல் என்பதே அதன் பொருள். படகையும் கவிழ்க்கலாம், பாற்செம்பையும் கவிழ்க்கலாம், மனத்தையும் கவிழ்க்கலாம். நம்மவர் இதனைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டு, வயிறும் அப்செட், மனமும் அப்செட் என்று தாராளமாக வழங்குகின்றனர்.

இத்தகைய சொற்கள் சிலவற்றின் பழைய வரலாறு வியப்புத் தருவது. ‘வொறி’ என்றால் இன்று கவலை. பழைய ஆங்கிலத்தில் அது கழுத்தை நெரிக்கும் செயலைக் குறித்தது. வேட்டை நாய் ஆட்டின் குரல்வளையைக் கவ்வி உலுக்குவதையும் பின்னர் அதனாற் குறித்தனர். கவலைப்படுபவர் தம் கழுத்தைத் தாமே கவ்விக்கொள்கின்றார் போலும்! ‘டீஸ்’ என்பது கம்பளி மயிரைச் சிக்கெடுத்துச் சீவுவது. ஒவ்வோர் இழையாகப் பிடித்து இழுக்கும் அந்தச் செயலே கேலி செய்து சீண்டுவதற்கும் பெயராயிற்று. குதிரையின் காலைத் தளையிடும் பிரெஞ்சுச் சொல் ஒன்று ‘பெஸ்டர்’ என்று மாறி வந்திருக்கின்றது. கடைத்தெருவில் மிட்டாய் கேட்டுத் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துத் தொங்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ‘ஹரஸ்’ என்பதோ நாயை ஏவி விடும் கூச்சலிலிருந்து பிறந்தது என்பர். அதன் உயிர் திரும்பத் திரும்பச் செய்வதில் இருக்கின்றது. ஒரு நாள் வந்து கதவைத் தட்டினால் தொந்தரவு. நாள்தோறும் வந்து தட்டினால் அது ‘ஹரஸ்’.

தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். தொல்லை, இடைஞ்சல், நச்சரிப்பு, உபத்திரவம், அலைக்கழிப்பு ஆகியன நூல்வழக்கில் உள்ளன. பேச்சுவழக்கோ இன்னும் வளமானது. வடக்கே ‘அரியண்டம்’ என்பார்கள். தோட்டத்து ஆச்சிமார் ‘ரோதனை பண்ணாதே’ என்று பேரப்பிள்ளைகளை விரட்டுவார்கள். இலங்கை முழுவதும் வழங்கும் ‘கரைச்சல்’ என்னும் சொல்லுக்கு நிகராக ஆங்கிலத்தில் ஒன்றை நாம் இன்னும் கண்டோமில்லை. மழைநீர் மண்ணைக் கரைப்பது போல மனிதரைச் சிறுகச் சிறுகக் கரைப்பதே கரைச்சல்.

இனி அச்சத்துக்கு வருவோம். ‘ஸ்கேயர்’ என்பது திடீரென வந்து விரைவில் நீங்குவது. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து ‘பே’ என்று கத்துவது அவ்வகை. பறவைகளை வெருட்ட வயலில் நிறுத்தும் பொம்மைக்கு ஆங்கிலேயர் இச்சொல்லையே முன்வைத்துப் பெயர் சூட்டினர். நாமும் வெருட்டுதலைக் கொண்டே அதனை வெருளி என்கின்றோம். இரு மொழியும் ஒரே வயலில் ஒரே பொம்மையை நட்டிருப்பதைக் காண மகிழ்ச்சியாக இருக்கின்றது. ‘பிரைட்டன்’ எல்லா அச்சத்துக்கும் பொது. ‘டெரிபை’ என்பது குலைநடுங்க வைப்பது. மணிக்கூட்டில் நாம் வைக்கும் ‘அலாம்’ இத்தாலி நாட்டிலே போர்வீரரை ஆயுதம் ஏந்துமாறு கூவிய கூக்குரலாம். அதைக் கேட்டும் எழும்பாத வீரர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு.

இந்தச் சொற்கள் எல்லாம் அஞ்சுபவனின் நெஞ்சைப் பார்ப்பவை. ‘திரெட்டன்’ அப்படியன்று, அது செய்பவனையே பார்க்கின்றது. கையை ஓங்கி, உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று ஒருவன் சொன்னால் அவன் ‘திரெட்டன்’ செய்துவிட்டான். கேட்டவன் வாய்விட்டுச் சிரித்தாலும் அது மாறாது. கரிய மேகம் மழையை ‘திரெட்டன்’ செய்கின்றது என்றுகூட ஆங்கிலத்திற் சொல்வதுண்டு. ‘இன்டிமிடேட்’ என்பது இன்னும் ஒரு படி அப்பாற் செல்வது. அஞ்ச வைப்பது மட்டும் அங்கே நோக்கமன்று. அஞ்சியவன் வாய்மூடிப் பணிய வேண்டும், தன் உரிமையை விட்டு ஒதுங்க வேண்டும். சிறுத்தை நம்மைப் ‘பிரைட்டன்’ செய்யும். நம்மிடம் கையெழுத்து வாங்க அதற்குத் தேவை இல்லாமையால் அது ‘இன்டிமிடேட்’ செய்யாது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்தார். அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் இறை ஒன்று. இந்த நான்கையும் ஒரே பயணத்திற் கண்ட மக்கள் உண்டா என்று எவரேனும் கேட்டால், மாத்தளைக்கு வந்த நம் முன்னோரைக் காட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் வந்து இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையில் அவர்கள் மலை ஏறினார்கள். மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததே 1880இற்றான். யானையும் சிறுத்தையும் திரிந்த காடு அது. வாந்திபேதியும் காய்ச்சலும் தாக்க, நடந்தவர்களில் எண்ணிறந்தோர் வழியிலேயே மாண்டனர். அம்மன் கோபம் என்று அஞ்சி வேண்டுதல் செய்துகொண்டே மற்றவர்கள் நடந்தார்கள். மூன்று அச்சங்களையும் கடந்து தோட்டத்தை அடைந்தபொழுது, நான்காவது அச்சம் பங்களாவில் அமர்ந்திருந்தது. தோட்டத்திலே இறை என்பது துரை.

துரைக்குப் பணிந்திருக்கும் வரையில் லயத்துக் காம்பரா உண்டு. வேலை போனால் வீடும் போகும். துண்டு முறை இருந்த காலத்தில், கடன் தீர்ந்ததென்று துண்டு கிடைக்காமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. அது 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் வேலையும் வீடும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்ட நிலை ஒழியவில்லை. வேலை நீக்கிய நோட்டீசும் காம்பராவைக் காலி செய்யும் நோட்டீசும் ஒன்றாகவே கைக்கு வரும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் இம்மக்களுட் பெரும்பாலோர் எந்த நாட்டவரும் அல்லர் என்றாயிற்று. அவ்வாறான ஒருவர் காம்பராவைக் காலி செய்து எங்கே போவது? போகாமல் இருந்தவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கத் தோட்டங்கள் ஒரு வழி கண்டன. நம் மாணவரின் அழைப்பாணையில் உள்ள சொல் இங்கேதான் நுழைகின்றது.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டக்கோவையைப் பார்த்து எழுதியது. அதன் 427ஆம் பிரிவு குற்றமான அத்துமீறல் எதுவெனச் சொல்லுகின்றது. பிறர் வசமுள்ள இடத்துக்குள் ஒருவர் புகுந்தார் என்பது மட்டும் அங்கே குற்றமாகாது. ஏதேனும் குற்றம் புரியும் எண்ணத்தோடு புகுந்திருக்க வேண்டும். அல்லது அவ்விடத்தை வைத்திருப்பவரை ‘இன்டிமிடேட்’ செய்யவோ, அவமதிக்கவோ, ‘அனோய்’ செய்யவோ எண்ணிப் புகுந்திருக்க வேண்டும். முறையாகப் புகுந்தவர் அத்தகைய எண்ணத்தோடு முறைகேடாகத் தங்கியிருப்பதும் இதில் அடங்கும்.

அந்த மூன்று சொற்களையும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். முதலாவது கனமானது. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது, தங்கை பேனாவை ஒளித்து வைக்கும் செயல். ஒரு தொழிலாளி துரையை அச்சுறுத்தினார் என்று நிறுவுவது கடினம். அவமதித்தார் என்பதற்கும் சாட்சி வேண்டும். எரிச்சலூட்டினார் என்பதற்கோ துரையின் முகமே சாட்சி. போ என்று சொல்லியும் ஒருவர் போகாவிட்டால் துரைக்கு எரிச்சல் வராதா? வரும். அது அந்தத் தொழிலாளிக்குத் தெரியாதா? தெரியும். ஆகவே அவர் எரிச்சலூட்டும் எண்ணத்தோடுதான் தங்கியிருந்தார் என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம். மாணவரின் பூட்டனார்மீது எழுதப்பட்ட குற்றமும் இதுவே.

இந்த வாதம் செல்லுமா என்னும் கேள்வி இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரையிலும் சென்றது. இலங்கையின் மேன்முறையீடுகளுக்கு 1970களின் தொடக்கம் வரை அதுவே இறுதி மன்றம். சின்னசாமி செல்வநாயகம் எதிர் அரசர் என்னும் அவ்வழக்கில் 1950ஆம் ஆண்டில் தீர்ப்புக் கிடைத்தது. தந்தை செல்வநாயகம் என்று நாம் அறிந்த அரசியற் றலைவர் அல்லர் இவர். பெயர் ஒற்றுமை கண்டு மயங்க வேண்டாம். தோட்டத்தை விட்டு வெளியேறுமாறு பணித்தும் வெளியேறாமல் இருந்தவர்.

மன்றம் என்ன சொல்லிற்று என்பதை நம் சொற்களிற் சுருக்கிச் சொல்வோம். ஒரு செயலால் இன்னது விளையும் என்று அறிவது ஒன்று. அது விளைய வேண்டும் என்று எண்ணுவது வேறொன்று. உண்மையான, முதன்மையான எண்ணம் எது என்பதையே பார்க்க வேண்டும். தனக்கு உரிமை உண்டென்று மனமார நம்பி ஒருவர் ஓரிடத்திற் புகுந்தால், சட்டப்படி அந்த நம்பிக்கை தவறானதாகவே இருந்தாலும், மற்றவருக்கு எரிச்சல் வரும் என்று அவர் முன்னரே அறிந்திருந்தார் என்பதனால் மட்டும் அவர் குற்றவாளி ஆகார். தண்டனை நிலைக்கவில்லை.

இதனை விளங்கிக்கொள்ளச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. திருவிழாவில் மேளம் அடிப்பவர், அடுத்த வீட்டு நோயாளியின் உறக்கம் கெடும் என்பதை நன்கு அறிவார். உறக்கத்தைக் கெடுப்பதற்காகவா அவர் அடிக்கின்றார்? சாமிக்காக அடிக்கின்றார். குழந்தைக்குக் கசப்பு மருந்து ஊட்டும் தாய்க்கு, குழந்தை அழும் என்பது தெரியும். அழவைக்கவா ஊட்டுகின்றாள்? லயத்தில் இருந்த மனிதர் துரையின் முகத்தை நினைத்துக்கொண்டா அங்கே உலை வைத்தார்? பிள்ளைகள் உறங்க ஒரு கூரை வேண்டியிருந்தது, இருந்தார்.

அந்தத் தீர்ப்பிற் கருணை பெருகி வழிகின்றது என்று நாம் சொல்ல வரவில்லை. காம்பரா தொழிலாளிக்கே சொந்தம் என்று அது கூறவில்லை. உரிமை வழக்குத் தொடுத்து அவரை வெளியேற்றும் வழி துரைமாருக்குத் திறந்தே இருந்தது. ஆயினும், கூரைக்கு அடியில் இருந்ததற்காக ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழி குறுகிற்று. ஒரு சிறு வினைச்சொல்லை ஆறு தரம் புரட்டிப் பார்த்தமையாற் கிடைத்த நியாயம் இது. இலக்கணம் செய்த நியாயம் என்றே நாம் சொல்வோம். 1960களில் இந்திய உச்ச நீதிமன்றமும், தன் நாட்டுச் சட்டத்திலிருந்த இதே சொற்களுக்குப் பொருள் காணும்போது இந்தத் தீர்ப்பை எடுத்து ஆராய்ந்தது. லயத்துக் காம்பரா ஒன்றிற் பிறந்த கேள்வி கடல் கடந்து இருமுறை பயணம் செய்திருக்கின்றது.

செய்பவனின் எண்ணத்தையே எப்பொழுதும் பார்க்க வேண்டும் என்று இதிலிருந்து மாணவர் முடிவு கட்டிவிடலாகாது. அவர் விரைவிற் பல்கலைக்கழகம் புகக்கூடியவர். ஆதலால் ஒன்றைச் சொல்லி வைக்கின்றோம். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிலையங்களிற் பகிடிவதையைத் தடை செய்கின்றது. ‘ராகிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல்லே உண்மையை நன்றாக உரைக்கின்றது. செய்பவனுக்குப் பகிடி, படுபவனுக்கு வதை. அந்தச் சட்டம், உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு, மனவேதனை, அச்சம் ஆகியவற்றை விளைவிக்கின்ற செயலையும் விளைவிக்கக்கூடிய செயலையும் பகிடிவதை என்கின்றது. அங்கே கணக்கு விளைவைக் கொண்டு. பகிடிக்குத்தான் செய்தேன் என்பது விடையாகாது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவைத் திருத்தி, பெண்டிரும் பிறரும் படும் பாலியற் றொந்தரவைக் குற்றமாக்கியபொழுதும், வன்செயலோடு சொல்லையும் செய்கையையும் அதிற் சேர்த்தனர். பேருந்தில் நெருங்கி நின்று ஒருவன் சொல்லும் சொல் சிரிப்புக்காகச் சொன்னது என்று அவன் சாதிக்கலாம். கேட்ட பெண்ணுக்கு அது சிரிப்பா என்பதே கேள்வி.

1949இல் எரிச்சற்பட்டவர் துரை. கூண்டில் ஏறியவர் கூலி பெறுபவர். பகிடிவதையில் அஞ்சுபவன் புதிதாக வந்த மாணவன், சிரிப்பவர்கள் மூத்தவர்கள். ஒரே இனத்துச் சொற்கள், கைமாறியிருக்கின்றன. ‘அனோய்’, ‘ஹரஸ்’, ‘இன்டிமிடேட்’ என்று ஒரு தாளில் எங்கே கண்டாலும், யாரை யார் என்று எழுவாயையும் செயப்படுபொருளையும் முதலிற் றேடிப் பாருங்கள். பரீட்சையில் அது இலக்கணத்துக்கு உதவும். மற்ற இடங்களிலும் உதவும்.

இனி மாணவரின் முதற் கேள்விக்கு நேரே விடை சொல்வோம். தம்பி, உங்கள் பூட்டனார் எவருக்கும் எரிச்சலூட்டப் புறப்பட்டவர் என்பதற்கு அந்தக் காகிதம் சான்று ஆகாது. அவர்மீது ஒருவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு மாத்திரமே சான்று. வழக்கு எப்படி முடிந்ததென்று பாட்டியாருக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கின்றீர்கள். ஆனால் அவர் 1953இல் அதே காம்பராவிற்றான் பிறந்தவர் என்றும் கடிதத்தின் ஓரத்திற் குறித்திருக்கின்றீர்கள். அழைப்பாணையின் பின்புறத்தில் பென்சிலால் ஏதோ தமிழில் எழுதியிருக்கின்றது, படிக்க முடியவில்லை என்றீர்கள் அல்லவா? காலை வெயில் வரும் பக்கமாகத் தாளைச் சாய்த்துப் பிடித்து, பாட்டியாரையும் அருகில் இருத்திக்கொண்டு இன்னொரு தரம் பாருங்கள். என்ன எழுதியிருக்கின்றதென்று நமக்கும் ஒரு வரி எழுதுங்கள்.